கருஞ்சீரகம்: மூக்கை நம்பி வறுங்கள்

பெயரில்தான் சீரகம் இருக்கிறது. கருஞ்சீரகத்துக்கும் சீரகத்துக்கும் உறவு கிடையாது. சீரகம் கொத்தமல்லியின் குடும்பம், இது வேறு குடும்பம். இது தெரியாமல் நான் முதல் தடவை வாங்கி வந்தது ஷாஜீரா என்ற வேறொரு மசாலா விதை. அது ஒல்லியாக, லேசாக வளைந்து, கரும்பழுப்பாக இருக்கும். கருஞ்சீரகம் மூன்று முனை கொண்ட, பளபளப்பில்லாத குட்டி விதை. கருப்பு எள் தட்டையாக, வழவழப்பாக இருக்கும். வெங்காய விதைதான் நிஜமாகவே ஏமாற்றும். நாலு விதையை நசுக்கி முகர்ந்து பாருங்கள்: ஓமமும் மிளகும் கலந்தாற்போல ஒரு காட்டமான மணம் வந்தால் அது கருஞ்சீரகம்.

வறுப்பதில்தான் பலரும் கெடுக்கிறார்கள். மற்ற விதைகள் சிவந்தால் கண்ணுக்குத் தெரியும். இது ஏற்கெனவே கருப்பு, கருகினாலும் கருப்புதான். அதனால் கண்ணை நம்பாமல் மூக்கை நம்புங்கள். அடி கனமான வாணலி, சிறு தீ, கை விடாமல் கிளறல். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. மணம் மேலே எழுந்ததும் உடனே தட்டில் கொட்டிவிட வேண்டும். அடுப்பை மட்டும் அணைத்தால் போதாது, வாணலியின் சூடே மீதியைக் கருக்கிவிடும். ஆறியதும் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். மொறுமொறுவென்று உடைந்து மெல்லிய கசப்பு தெரிந்தால் சரி. நாக்கில் கசப்பு ஒட்டிக்கொண்டே இருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். அதைப் போட்டால் முழுக் குழம்பும் வீண்.

தாளிப்பிலும் இதே கவனம் வேண்டும். இது கடுகு போல வெடிக்காது, வெடிக்கட்டும் என்று காத்திருந்தால் கருகிவிடும். கடுகு பொரிந்து அடங்கிய பிறகு போட்டு, பத்து எண்ணுவதற்குள் அடுத்த பொருளைச் சேருங்கள். நாலு பேர் சாப்பிடும் பருப்புக்கோ உருளைக்கிழங்குக்கோ கால் டீஸ்பூன் போதும். ரொட்டி மாவின் மேல் தூவுவதானால் வறுக்கவே வேண்டாம். மேலே தண்ணீர் தடவித் தூவினால் உதிராமல் நிற்கும்.

விதையில் எண்ணெய் அதிகம் என்பதால் பொடி சீக்கிரம் சிக்கடிக்கும். பத்து நாளுக்கு மேல் தேவைப்படும் அளவு அரைக்காதீர்கள். முழு விதையைக் காற்றுப் புகாத பாட்டிலில், வெளிச்சம் படாமல் வையுங்கள்.

அப்புறம் மருந்து. மூக்கடைப்புக்கு நான் செய்வது இதுதான்: ஒரு டீஸ்பூன் விதையை ஒன்றிரண்டாக நசுக்கி, மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து, உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி முகர்வேன். சளி அதனால் குணமாகாது, ஆனால் மூச்சு விட இதமாக இருக்கும். வயிறு மந்தமானால், சாப்பிட்ட பிறகு கால் டீஸ்பூன் பொடியைத் தேனில் குழைத்து எடுப்பேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

மரணத்தைத் தவிர மற்ற எல்லா நோய்க்கும் இதில் நிவாரணம் உண்டு என்று நபிமொழி இருக்கிறது. இன்றைய ஆய்வாளர்கள் இதிலுள்ள தைமோகுவினோன் என்ற பொருளை ஆராய்கிறார்கள். கருஞ்சீரகம் ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் குறைப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நல்ல விஷயம்தானே என்று நினைத்துத்தான் அப்பா, யாரிடமும் சொல்லாமல், சர்க்கரை மாத்திரையோடு தினமும் ஒரு ஸ்பூன் பொடியும் சாப்பிட்டு வந்தார். ஒரு நாள் கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்து உட்கார்ந்துவிட்டார். சோதித்தால் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "புதுசா என்ன சாப்பிடறீங்க?"

அதனால் சர்க்கரைக்கோ, ரத்த அழுத்தத்துக்கோ, ரத்தம் உறையாமல் இருக்கவோ மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதை மருந்தாகத் தொடங்க வேண்டாம். கர்ப்பிணிகள் சமையலில் போடும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே விட்டுவிடுங்கள். கருஞ்சீரக எண்ணெயைத் தலைக்கோ தோலுக்கோ தடவுவதானால், முதலில் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது.