ஏ.என்.ஏ. பாசிட்டிவ்: அவசரப்பட்டுச் செய்யும் தவறுகள்

மூட்டுவலி என்று போய், ஏ.என்.ஏ. (நம் உடல் செல்களையே குறிவைக்கும் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ் ரிப்போர்ட்டோடு வெளியே வந்து, சேலம் ஐந்து ரோட்டு இரைச்சலுக்கு நடுவே "எனக்கு லூபஸா?" என்று போனில் அழுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. லூபஸ் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே தோல், மூட்டு, சிறுநீரகம் போன்றவற்றைத் தாக்கும் நோய். பாசிட்டிவ் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் டைட்டர் என்று ஓர் எண் இருக்கும், ரத்த மாதிரியை எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் பாசிட்டிவ் வருகிறது என்பதை அது சொல்லும், முதலில் அதைப் பாருங்கள். நோயே இல்லாதவர்களைச் சோதித்தபோதும் 1:40 அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கும், 1:160 அளவில் 100க்கு 5 பேருக்கும் பாசிட்டிவ் வந்திருக்கிறது. வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு, வாய்ப்புண், சிறுநீரில் புரதம் என்று எதுவுமே இல்லாதவரை வெறும் 1:80ஐ வைத்து லூபஸ் நோயாளி ஆக்க முடியாது. சந்தேகம் வலுத்தால், லூபஸுக்கே உரிய டி.எஸ்.டி.என்.ஏ., ஸ்மித் ஆன்டிபாடிகளைப் பார்ப்பார்கள். ஏ.என்.ஏ.வை மாதாமாதம் திரும்ப எடுப்பதோ வீண் செலவு, நோய் கூடுவதையும் குறைவதையும் அது காட்டாது.

இதைவிடக் கெடுதல் செய்வது நெகட்டிவை நம்பிச் சும்மா இருப்பது. சரவாங்கி என்று நம்மூரில் சொல்லும் முடக்குவாதத்தில் 100க்கு 20, 30 பேருக்கு, அதற்காகவே எடுக்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் ரத்தப் பரிசோதனை நெகட்டிவாகவே இருக்கும். கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிற ஒரு அக்காவுக்குக் காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரல் மடங்கவில்லை, இரண்டு கையிலும் கணுக்கள் வீங்கியிருக்கின்றன என்றால், அது வேலை அலுப்பு என்று விடாதீர்கள், முடக்குவாதத்தைக் காட்டும் இன்னொரு பரிசோதனையான சி.சி.பி. ஆன்டிபாடி பார்த்து மூட்டுவாத நிபுணரிடம் காட்டுங்கள். அதுவரை வலி தாங்காமல் மெடிக்கலில் ஸ்டீராய்டு வாங்கிப் போட்டால் வீக்கம் மறைந்துவிடும், உள்ளே மூட்டு எலும்பு அரிபட்டுச் சேதமாவது நிற்காது.

ஏற்காட்டில் மார்கழிக் குளிரில் காப்பிப் பழம் பறிக்கும்போது சிலருக்கு விரல் நுனி வெள்ளை வெளேரென்று ஆகி, நீலம் பூத்து, அப்புறம் சிவக்கும். பெரும்பாலும் அது குளிரால் வருவதுதான். ஆனால் முப்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கி, விரல் தோல் இறுகி, நுனியில் புண்ணும் வந்தால், அது தோலை இறுக்கும் ஸ்க்லெரோடெர்மா நோயா என்று அறிய ஏ.என்.ஏ.வோடு சென்ட்ரோமியர், எஸ்.சி.எல்.-70 ஆன்டிபாடிகளையும் பார்த்தாக வேண்டும்.

கர்ப்பிணிகள் கவனிக்க: லூபஸ் போன்ற நோய்களில் காணப்படும் ரோ என்ற ஆன்டிபாடி உங்கள் ரத்தத்தில் இருந்தால் ஸ்கேன் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். 100க்கு 1, 2 குழந்தைகளுக்கு வயிற்றிலேயே இதயத்துடிப்பு தடைபடலாம். லூபஸுக்குச் சாப்பிடும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.