கண்காட்சியிலிருந்து சொந்தப் படைப்புக்கு: ஓவிய மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரில் ஓவியம் பயிலும் மாணவர்களுக்குக் கண்காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. 1958இல் தொடங்கப்பட்ட தேசியக் கலைக்கூடம் இன்று தேசிய நாடக அரங்கான இஸ்தானா புடாயாவுக்கு அருகில் உள்ளது. ஜாலான் பிஞ்சாயில் 2015 முதல் இல்ஹாம் கலைக்கூடம் இயங்குகிறது. பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் ஸ்காட்டில் வெய்-லிங் கலைக்கூடம் உள்ளது. ஆனால் எல்லாவற்றையும் அவசர அவசரமாகப் படமெடுத்துக்கொண்டு திரும்பினால், கைப்பேசி நிறையுமே தவிர, வரைவதற்குப் பொருள் கிடைக்காது.

முதல் சுற்றில் விளக்க அட்டைகளைப் படிக்காமல் நடந்து, உங்களைத் தடுத்து நிறுத்திய ஒரே ஒரு படைப்பைத் தேர்ந்தெடுங்கள். அது பிடித்த படைப்பாக இருக்க வேண்டியதில்லை; குழப்புகிற படைப்புதான் பல நேரங்களில் அதிகம் கற்றுத்தரும். அதன்முன் அரை மணி நேரமாவது நின்று, பென்சிலால் குறிப்பேட்டில் வரையுங்கள். மை, வண்ணம் ஆகியவற்றைப் பல கூடங்கள் உள்ளே அனுமதிப்பதில்லை என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

வரையும்போது உருவத்தைவிடக் கலைஞர் எடுத்த முடிவுகளையே தேடுங்கள். மெழுகு பூசித் துணிக்குச் சாயமேற்றும் பாத்தேக் முறையை 1950களில் ஓவியத்துக்குக் கொண்டுவந்த பினாங்கு ஓவியர் சுவா தியன் தெங்கின் படைப்பு ஒன்று காட்சியில் இருந்தால், துணிக்கு மிக அருகில் சென்று பாருங்கள். மெழுகு பூசிய இடத்தில் சாயம் ஏறாமல் கோடு வெளிறி நிற்பதையும், மெழுகில் விரிசல் விட்ட இடத்தில் சாயம் மெல்லிய நரம்புகளாகக் கசிந்திருப்பதையும் கண்டால், எதை முதலில் மறைத்து எதைக் கடைசியில் சாயமேற்றினார் என்ற வரிசை உங்களுக்கே பிடிபடும்.

அதன் பிறகே விளக்க அட்டைக்கு வாருங்கள். சில படைப்புகளில் தலைப்பே படைப்பின் பாதி. 1974இல் மலேசியக் கலைஞர்கள் ரெட்சா பியாடாசாவும் சுலைமான் ஈசாவும் கோலாலம்பூரில் நடத்திய கண்காட்சியில் வெறும் பறவைக்கூண்டு ஒன்று இருந்தது. அவ்வாண்டு ஜூன் 10, திங்கட்கிழமை பிற்பகல் 2.46க்குப் பறவையை விடுவித்த பின் எஞ்சிய கூண்டு என்று தலைப்பு அறிவித்தது. அந்த நேரக் குறிப்பை நீக்கினால் மிஞ்சுவது கம்பிக் கூண்டுதான். நடந்து முடிந்த ஒரு நிகழ்வின் தடயத்தைக் காட்சிக்கு வைப்பது என்னும் முடிவு அங்கே கிடைக்கிறது. அதைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கூண்டை நகலெடுப்பதால் பயனில்லை. வாசலில் விடியற்காலையில் போட்ட அரிசிமாவுக் கோலம், எறும்பாலும் காலடியாலும் மழையாலும் மாலைக்குள் எப்படிக் கலைகிறது என்பதை நேரத்தோடு பதிவுசெய்து பாருங்கள். முறை அவர்களுடையதாக இருந்தாலும் பொருள் உங்களுடையதாகிவிடும். நம் மரபு நவீன ஓவியத்துக்கு ஒத்துவராது என்று தயங்கும் மாணவர்கள், தமிழ்நாட்டில் 1943இல் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, மெட்ராஸ் அரசுக் கலைக் கல்லூரியில் பயின்ற சையத் தாஜுதீன், இராமாயணக் காட்சிகளைப் பெரிய திரைகளில் தீட்டியதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

வீடு திரும்பிய ஒரு வாரத்துக்குள், பார்த்தது மனத்தில் பசுமையாக இருக்கும்போதே, சிறிய அளவில் ஒரு முயற்சியைச் செய்து முடித்துவிடுங்கள். கண்காட்சி முடிவதற்குள் அதை எடுத்துக்கொண்டு மீண்டும் சென்று, நீங்கள் தேர்ந்தெடுத்த படைப்பின்முன் நின்று ஒப்பிட்டு, கலைஞர் துணிந்த எந்த இடத்தில் நீங்கள் பின்வாங்கினீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முயற்சியை அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.