முதலில் தண்ணீர் ஒழுக்கை அடைத்துவிடுங்கள்: டட்சன் 120ஒய் காடிக்குச் சிக்கனமாக உள்வேலை

அப்பா அந்த 1977 மாடல் டட்சன் 120ஒய்யை ஒரு தோட்டத்துக் கிராணியிடமிருந்து வாங்கினார். அப்பா ஓட்டுவதை நிறுத்திய பிறகு சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், ரம்புத்தான் மரத்தடியில் தார்ப்பாய் போர்த்தியபடி பத்து வருடம் நின்றது. இஞ்சின் பெரிய தொல்லை இல்லை. 1171 சிசி ஏ12 இஞ்சின், கார்புரேட்டரைக் கழுவி, டாங்கியைச் சுத்தம் செய்து, புது பேட்டரி வைத்ததும் இருமிக்கொண்டே எழுந்துவிட்டது. கதவைத் திறந்தால்தான் குமட்டும். கூரைத் துணி தலைமேல் தொங்குகிறது, சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது, கம்பளத்தைத் தூக்கினால் பூஞ்சணம்.

ஈப்போவில் ஒரு குஷன் கடையில் விலை கேட்டேன். 3,800 வெள்ளி. காடியை அப்பா வாங்கியதே அதைவிடக் குறைவு. சரி, நாமே செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். மொத்தம் 740 வெள்ளி ஆனது, அதில் 150 வெள்ளிக்கு மேல் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ததில் போனது. அந்தக் காசு உங்களுக்காவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பேட்டரி வயரைக் கழற்றுவது, சீட் நட்டுகளைத் திருகி எடுப்பது, எதையும் கழற்றும் முன் போனில் படம் எடுப்பது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஜன்னல் கைப்பிடி மட்டும் பலரைத் திணற வைக்கிறது. அதில் ஸ்குரூ இல்லை. கைப்பிடிக்கும் கதவு அட்டைக்கும் நடுவில் ஒரு பழைய துணியை விட்டு, செருப்புத் துடைப்பதுபோல் இரு பக்கமும் மாறி மாறி இழுங்கள், உள்ளே இருக்கும் குதிரைலாடக் கம்பி தெறித்து வெளியே வரும். எங்கே தெறித்தது என்று அரை நாள் தேடாமலிருக்கக் கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை தண்ணீர்

நான் செய்த தப்பு, ஆசைப்பட்டு முதலில் கம்பளம் வாங்கியது. போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் மழை பிடித்தது, பழைய நாற்றம் அப்படியே திரும்பி வந்தது. நம் ஊர்க் காடியின் உள்பக்கத்தை வெயில் கெடுக்கிறது என்பார்கள். டாஷ்போர்டுக்கு அது சரி. மற்ற எல்லாவற்றையும் கெடுப்பது தண்ணீர்தான்.

ஆகவே, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்த பிறகு வெறும் தகரத் தரையில் பழைய செய்தித்தாளை விரியுங்கள். வெளியே ஒருவர் ஹோஸால் தண்ணீர் அடிக்கட்டும், நீங்கள் உள்ளே டார்ச்சோடு உட்காருங்கள். கண்ணாடி ரப்பரின் உள்விளிம்பில் முகப்பவுடர் தூவி வைத்தால், தண்ணீர் வந்த வழி கோடாகத் தெரியும். கூரையிலிருந்து ஆரம்பிக்காமல் கீழேயிருந்து மேலாக அடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் எந்த ஓட்டையில் வருகிறது என்று பிடிக்க முடியாது.

எனக்கு இரண்டு இடத்தில் வந்தது. ஒன்று, வைப்பருக்குக் கீழே உள்ள காற்றுத் துளைகள். ரம்புத்தான் இலை அழுகி, தண்ணீர் வடியும் வழியையே அடைத்திருந்தது. போக வழியில்லாத தண்ணீர் காற்றுக் குழாய் வழியாக டிரைவர் காலடிக்கு வந்தது. ஒரு வளைகிற கம்பியும் வாக்குவமும் போதும், செலவு சுழியம். இரண்டாவது, முன்கண்ணாடி ரப்பர். கல் மாதிரி இறுகிக் கிடந்தது. குளியலறை சிலிக்கோனைத் தயவுசெய்து தொடாதீர்கள், புளித்த வாடை அடிக்கும் வகை தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும், அதன் மேல் பிறகு பெயிண்டும் ஒட்டாது. புது ரப்பர் வாங்குங்கள்.

ஆனால் இன்றைக்கே கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். காரணம் கூரைத் துணியில் வருகிறது.

தரைத் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, துரு மாற்றி (ரஸ்ட் கன்வெர்ட்டர்) தடவி, காய்ந்ததும் ரெட் ஆக்சைடு பிரைமர், அதற்கு மேல் இரண்டு கோட் பெயிண்ட். ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்குகிற இடம் இருந்தால் பட்டறையில் தகரம் வைத்து வெல்டிங் போட வேண்டும், ஃபைபர் பூசி மறைப்பது எனக்குப் பிடிக்காது. தரையில் இருக்கும் ரப்பர் மூடிகளை வடிகால்தானே என்று திறந்தே விடாதீர்கள், சாலைத் தண்ணீர் கீழேயிருந்து ஏறும்.

கூரைத் துணி: நான் விழுந்த இடம்

இந்தக் காலத்துக் காடிகளில் கூரை ஒரே அட்டை. 120ஒய்யில் அப்படி இல்லை. வினைல் துணியின் மேல்பக்கம் குறுக்குக் குறுக்காகப் பைகள் தைத்திருக்கும், ஒவ்வொரு பையிலும் ஒரு வளைந்த கம்பி, கம்பியின் இரண்டு முனையும் கூரையோரத் துளைகளில் நிற்கும். துணியின் ஓரங்கள் முன்கண்ணாடி, பின்கண்ணாடி விளிம்புத் தகரத்தில் மடக்கி ஒட்டப்பட்டிருக்கும், அதற்கு மேல்தான் கண்ணாடி ரப்பர் உட்காரும். அதனால் கூரைத் துணியைச் சரியாகப் போட வேண்டுமானால் கண்ணாடி கழற்றியிருக்க வேண்டும். நான் ரப்பரை மாற்றிவிட்டு, அடுத்த மாதம் கூரைக்காக அதே கண்ணாடிக்காரரைத் திரும்பக் கூப்பிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு 60 வெள்ளி வாங்கினார். இரண்டையும் ஒரே வாரத்தில் வையுங்கள்.

அடுத்தது கம்பிகள். பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒவ்வொன்றின் வளைவும் வேறு. நான் எல்லாவற்றையும் உருவி ஒரு மூலையில் சாய்த்து வைத்தேன். எங்கள் ஊர்க் குஷன் கடை அண்ணனிடம் போய்க் கேட்டபோது அவர் என் முகத்தைப் பார்த்தே, "கம்பியைக் கலைச்சிட்டியா தம்பி?" என்றார். ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து வரிசை கண்டுபிடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. எடுக்கும்போதே மாஸ்கிங் டேப்பில் முன்னாலிருந்து 1, 2, 3 என்று எழுதுங்கள், எந்தத் துளை, எது இடது முனை என்பதையும் சேர்த்து. துருவைத் தேய்த்துவிட்டுப் பெயிண்ட் அடித்தால்தான் புதுத் துணியில் பழுப்புக் கறை இறங்காது. பெயிண்ட் அடித்த பிறகு டேப்பைத் திரும்ப ஒட்ட மறக்காதீர்கள் (மறந்தேன்).

பழைய துணியைக் கிழிக்காமல் இறக்கி, தையலைப் பிரித்து, அதையே அளவாக வைத்து வெட்டுங்கள். ஓரத்தில் 5 செண்டிமீட்டர் அதிகம் விடுங்கள். போடும் நாளில் புதுத் துணியை அரை மணி நேரம் வெயிலில் காய வையுங்கள், சூட்டில் இளகி நன்றாக இழுபடும், ஆறும்போது தானே விறைக்கும்.

கம்பிகளை மாட்டியதும், நடுவில் முன்னும் பின்னும் இழுத்துக் கிளிப்பால் பிடியுங்கள், அப்புறம் பக்கங்கள், மூலைகள் கடைசி. இந்த இடத்தில் எனக்குக் கதவோரம் முழுக்கச் சுருக்கம் விழுந்தது. எவ்வளவு இழுத்தும் போகவில்லை. காரணம் துணியில் இல்லை, கம்பிப் பையில். பை ஓரம்வரை நீண்டிருந்தால் கம்பி துணியை மேலே பிடித்துக்கொள்ளும், பக்கவாட்டில் இழுபடாது. பையின் முனையை ஒவ்வொரு செண்டிமீட்டராக வெட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி வெட்ட வேண்டும். ஒரேயடியாக வெட்டினால் அந்த இடத்தில் துணி தொங்கிவிடும், திரும்பத் தைக்க முடியாது.

கம் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சப்பாத்து ஒட்டுகிற சாதா மஞ்சள் கம்மை வாங்கினேன், நண்பகலில் வெளியே நிறுத்திய காடியின் கூரைச் சூட்டில் இளகி, பத்தே நாளில் பின்பக்க ஓரம் கழன்றது. தப்பு என்னுடையதுதான், அது கூரைக்கானது இல்லை. சூடு தாங்கும் கம் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய விட்டு அழுத்த வேண்டும். மழை நாளில் ஒட்டாதீர்கள், காற்றின் ஈரம் கம்மின் மேல் படலமாகப் படிந்தால் பிடிக்காது. நான்கு கதவையும் திறந்து வையுங்கள், பக்கத்தில் சிகரெட் கூடாது.

சீட்

அத்தையின் கால் மிஷினில் தைத்தோம். மோட்டார் வைத்த வீட்டு மிஷின் மூன்று மடிப்பு வினைலில் முனகியது, கால் மிஷின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் மெதுவாக இறங்கிவிடுகிறது. 18ஆம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 4 மில்லிமீட்டர். தையல் நெருக்கமாக விழுந்தால் தபால்தலை ஓரம் மாதிரி அந்த வரியிலேயே கிழியும். பழைய உறையைப் பிரிக்கும் முன் எந்தத் துண்டு எதோடு சேர்கிறது என்று பேனாவால் குறுக்குக் கோடு போடுங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகளை எறிந்துவிடாதீர்கள், உறையை ஸ்பிரிங்கோடு இழுத்துப் பிடிப்பதே அவைதான்.

எலி தின்ற இடத்தை அடர்த்தியான ஸ்பாஞ்ச் வெட்டி ஒட்டி நிரப்பினேன், ஸ்பிரிங் மேல் பழைய சாக்கு இருந்த இடத்தில் புதுச் சாக்கு. உறை ஸ்பாஞ்ச் மேல் வழுக்காமல் அடம்பிடித்தால் நடுவில் குப்பைப் பையை விட்டு மாட்டி, பிறகு உருவிவிடுங்கள். உறையைக் கட்ட குஷன் கடைக்காரர்கள் இரும்பு வளையமும் அதற்கென்று ஒரு குறடும் வைத்திருப்பார்கள். எனக்குக் கேபிள் டைதான் பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கலாம், தப்பானால் வெட்டிவிட்டு வேறு போடலாம்.

மற்றவை

டாஷ்போர்டு வெடிப்பை எப்பாக்சியால் அடைத்தேன், இரண்டு மாதத்தில் பக்கத்திலேயே புது வெடிப்பு. இப்போது மேலே துணி விரிப்பு ஒன்று தைத்துப் போட்டிருக்கிறேன். பளபளவென்று மினுக்கும் ஸ்பிரே அடிக்க வேண்டாம், முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசும்.

கம்பளத்தைக் கடைசியாகத்தான் போட வேண்டும். அடியில் சணல் மெத்தை வைக்காதீர்கள், ஒரு தடவை நனைந்தால் அதற்குள் ஈரம் நின்றுவிடும். தண்ணீர் குடிக்காத ஃபோம் போதும்.

பிற்சேர்க்கை: கதவு அட்டையைப் புதிதாக 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வெட்டிப் போட்ட வாசகர்கள் இருவர், மழைக்குப் பிறகு அடிப்பக்கம் உப்பிவிட்டதாக எழுதியிருக்கிறார்கள். அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் இருந்திருக்குமே, அதைக் குப்பை என்று நினைத்துப் பிய்த்து எறிந்திருப்பீர்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு, அந்தத் தாள்தான் அதை அட்டை மேல் படாமல் தடுக்கிறது. தடித்த பிளாஸ்டிக் வெட்டி ஒட்டுங்கள், கீழ்முனையை மட்டும் கதவுத் தகரத்துக்கு உள்பக்கமாகச் செருகிவிடுங்கள். தண்ணீர் கதவுக்குள்ளேயே வழிந்து அடித் துளைகள் வழியே போய்விடும். அந்தத் துளைகளையும் ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள், என் இடது கதவில் மண் அடைத்து அரைக் கோப்பைத் தண்ணீர் நின்றது.