குரூப்பில் போட்டதோடு முடிந்துவிடாது: வன்னியின் சுகாதாரப் பணியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைத்தியசாலை விடுதிக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப், கிளினிக்குக்கு ஒன்று, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று தூரம் கூடிய, ஆள் குறைந்த இடங்களில் இது பெரிய உதவிதான். ஆனால் "குரூப்பில போட்டாச்சு" என்றதும் வேலையே முடிந்த மாதிரி ஒரு நிம்மதி வருகிறதே, அதிலிருந்துதான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன.

"நாளைக்கு இரவு டியூட்டிக்கு ஒராள் தேவை, யாராவது வாங்கோ" என்று எழுதினால் எல்லோரும் பார்ப்பார்கள், நாலு பேர் கட்டைவிரல் போடுவார்கள், ஒருவரும் வரமாட்டார்கள். யாராவது என்று கேட்டால் அது யாருடைய வேலையும் இல்லை. பெயரைச் சொல்லி, திகதியும் நேரமும் போட்டு, பதிலும் கேளுங்கள். குரூப்பில் எல்லோரும் பார்த்த பிறகுதான் டிக் நீலமாகும். அப்போதும் பார்த்தார்கள் என்பது மட்டும்தான் தெரியும்; ஒத்துக்கொண்டார்களா என்பது தெரியாது.

அவசரமான விஷயத்தை எழுத்தோடு விட்டுவிடுவது இதைவிட ஆபத்து. காலபோக அறுவடை நாட்களில், வயலில் புடையன் கடித்த ஒருவரை மல்லாவியிலிருந்து கிளிநொச்சிக்கு அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். "பாம்புக்கடி ஒன்று வருகுது" என்று ஒரு வரியும் வீங்கிய காலின் படமும் போகிறது. ஏற்கிற பக்கத்துக்கு அது காணாது. கடித்த நேரம், 20 நிமிட இரத்த உறைவுச் சோதனையின் முடிவு, அதைச் செய்த நேரம், விஷமுறி மருந்து தொடங்கியதா, எத்தனை குப்பி, ஒவ்வாமை வந்ததா, சிறுநீர் போகிறதா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். உலர்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம் 20 நிமிடம் அசையாமல் இருந்தும் உறையவில்லை என்றால், விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு வரி முன்கூட்டியே போனால், நோயாளி வந்து சேருமுன் அங்கே ஆயத்தம் தொடங்கிவிடும்.

ஆகவே போன் எடுத்துப் பேசுங்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளில் தொடங்கி வைத்தியசாலைகளுக்கு வந்த 'எஸ்பார்' முறை இதற்குக் கைகொடுக்கும்: இப்போது நிலைமை என்ன, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் எனக்கு என்ன வேண்டும். கடைசிக் கேள்வியைத்தான் எங்களில் பலர் விட்டுவிடுகிறோம். மூத்த வைத்தியரிடம் இன்னது வேண்டும் என்று கேட்கத் தயக்கம். அந்தத் தயக்கத்தின் விலையை நோயாளிதான் கொடுக்கிறார். நீங்கள் சொன்னதை மறுமுனையில் கேட்டவர் திருப்பிச் சொல்லட்டும். அப்புறம் அதையே குரூப்பில் எழுதினால் பதிவும் இருக்கும். நேரத்தைச் செய்திக்குள்ளேயே எழுதுங்கள்; காட்டோரப் பாதைகளில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது செய்தி பிந்தி விழும், "இப்ப வெளிக்கிடுகிறோம்" என்பதற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

பிரச்சினை தீர்ப்பதில் அடிக்கடி நடக்கும் பிழை, கைக்கு அகப்பட்ட முதல் காரணத்தோடு நின்றுவிடுவது. ஒரு உட்கிராமத்திலிருந்து நீரிழிவு கிளினிக்குக்கு ஆட்கள் ஒழுங்காக வருவதில்லை என்று வையுங்கள். "சனத்துக்கு விளக்கம் காணாது" என்று கூட்டத்தில் சொல்லி ஒரு துண்டுப்பிரசுரம் அடித்துவிடலாம். டொயோட்டா தொழிற்சாலைகளில் பழகிய முறைப்படி, 'ஏன்' என்று நாலைந்து தரம் கேட்டுப் பாருங்கள். ஏன் வரவில்லை? போன முறை வரிசையில் தலைசுற்றி விழுந்தவர் இந்த முறை பயப்படுகிறார். ஏன் தலைசுற்றியது? வெறும் வயிற்றில் சோதனைக்கு இரத்தம் கொடுக்க விடியவே பஸ் ஏறி வந்து, பத்து மணி வரை சாப்பிடாமல் நின்றார். ஏன் அவ்வளவு நேரம்? எல்லோருக்கும் ஒரே நேரத்தைக் கொடுத்திருக்கிறோம். ஏன் அப்படி? எப்போதும் அப்படித்தான் துண்டு கொடுத்து வந்திருக்கிறோம். இப்போது செய்ய வேண்டியது தெரிகிறது: தூரத்து ஊர்க்காரருக்கு முதலில் இரத்தம் எடுக்க வேண்டும். இதையும் ஒரேயடியாக மாற்றாமல், ஒரு கிளினிக் நாளில் செய்து பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

இந்தப் பதில்கள் குரூப்பில் கிடைக்காது. வீடு வீடாகப் போகும் மிட்வைவ் அக்காவையும், வாசலில் துண்டு கொடுக்கும் தம்பியையும் இருத்திக் கேட்க வேண்டும். பெரியவர்கள் இருக்கும் குரூப்பில் அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

டெங்கு என்று சந்தேகம் வந்த உடனேயே தொற்றுநோயை அறிவிக்கும் எச் 544 படிவம் போக வேண்டும். இரத்த முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. குரூப்பில் சொன்னது அந்தப் படிவத்துக்குப் பதிலாகாது. முகவரியிலும் கவனம் தேவை. பலமுறை இடம்பெயர்ந்த சனம், அடையாள அட்டையில் ஒரு ஊர், இருப்பது இன்னொரு ஊர். "பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால" என்று எழுதினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எந்தப் பிள்ளையாரைத் தேடுவார்? இப்போது படுத்தெழும்பும் வீட்டைக் கேட்டு, வீட்டுக்காரரின் போன் இலக்கத்தையும் வாங்கி எழுதுங்கள்.

நோயாளியின் படத்தைப் பெயரை மறைத்துப் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். சின்ன ஊரில் வயதும் கிராமமும் வருத்தமும் தெரிந்தால் ஆளைத் தெரிந்துவிடும். அந்தப் படம் உங்கள் போனின் கேலரியிலும் கிடக்கும், வீட்டில் பிள்ளைகள் அதே போனில்தான் விளையாடுவார்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையில் வைத்திருக்கிறது. படம் தானாகச் சேமிப்பதை நிறுத்துங்கள். இடமாற்றம் பெற்றுப் போனவரை அன்றைக்கே குரூப்பிலிருந்து எடுங்கள். அவர் நல்லவரா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை.

சுற்றறிக்கையை பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பினால் போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடில் அடியுங்கள், இல்லாவிட்டால் பிடிஎஃப் ஆக்குங்கள். டியூட்டி அட்டவணைக்கு ஒரே ஒரு கூகுள் ஷீட் போதும், ஆளுக்கொரு பிரதி வேண்டாம். மாரி மழையில் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்து போகும் நாளுக்கு, பக்கத்து வைத்தியசாலைகளின் தரைவழித் தொலைபேசி இலக்கங்களையும் அம்புலன்ஸ் இலக்கமான 1990 ஐயும் பெரிதாக எழுதி விடுதிச் சுவரில் ஒட்டுங்கள். அன்றைக்கு அழைப்பெடுக்கிறவர் யார் என்று ஒவ்வொரு சிப்ட் தொடக்கத்திலும் பெயரைச் சொல்லிவிடுங்கள்.