பிள்ளையார் நோன்புக்குப் பயப்படும் குழந்தைக்கு

ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகையான துறுதுறுப்பும் சேர்ந்த நிலை) உள்ள பல குழந்தைகளுக்கு 'நோன்புக்கு இன்னும் பத்து நாள்' என்பது மனதில் பிடிபடாது. அதனால்தான் 'எப்போ? என்ன நடக்கும்?' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அது அடம் இல்லை, பதற்றம்.

காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளுக்கு நம் பிள்ளையார் நோன்பிலேயே ஒரு வழி இருக்கிறது. திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒன்றாக 21 நூலிழை எடுத்து வைப்போமே, அந்த வேலையைக் குழந்தையிடம் கொடுங்கள். காலண்டரைவிட இது நன்றாகப் புரியும். மீதி நாளைக் கையால் எண்ணலாம்.

பெரிய பயம் கடைசி நாளில்தான். அந்த இழைகளைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, எரியும்போதே மாவோடு வாயில் போட வேண்டுமே! 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்லி முடிக்காதீர்கள். எதற்குப் பயம் என்று கேளுங்கள்: சுடுமா, எல்லாரும் பார்ப்பார்களா, துப்பிவிட்டால் திட்டுவார்களா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. முன்கூட்டியே, திரி ஏற்றாமல், மாவை மட்டும் கொடுத்துப் பழக்குங்கள். அன்றைக்கும் அணைத்துவிட்டுத் தரலாம் என்று அப்பத்தாவிடமும் ஐயாவிடமும் முதலிலேயே பேசி வையுங்கள். வற்புறுத்த வேண்டாம்.

அப்புறம், வளவு (வீட்டின் நடு முற்றப் பகுதி) நிறைய ஆட்கள் வந்தால் ஒதுங்கி உட்கார, அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டில் ஓர் அறையைக் காட்டி வையுங்கள். வழக்கமான மாத்திரை இருந்தால், விசேஷம் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். பயத்தில் தூக்கமோ சாப்பாடோ கெட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள்.