பாப் ஃபாசிய எங்கேருந்து பாக்க ஆரம்பிக்கிறது

அமெரிக்க டான்ஸ் மாஸ்டரும் டைரக்டருமான பாப் ஃபாசின்னு தேடினா ஆளாளுக்கு மொதல்ல கைகாட்றது 1979ல வந்த ஆல் தட் ஜாஸ் படத்தத்தான். தயவுசெஞ்சு அதுல ஆரம்பிக்காதீங்க. மனுஷன் தன் கதையவே எடுத்து கடைசில தன்னையே சாகடிச்சுக்கிற படம் அது, ஆள் யாருன்னு தெரியாம பாத்தா பாதி புரியாது.

மொதல்ல 1953ல வந்த கிஸ் மீ கேட் படத்துல ஃப்ரம் திஸ் மொமென்ட் ஆன் பாட்டு மட்டும் போடுங்க. கரோல் ஹேனியோட அவர் ஆடுற துண்டு ஒரு நிமிஷம் போலதான் வரும், ஆனா இவங்க ரெண்டு பேரும் வந்ததும் படமே வேற மாதிரி ஆயிடும். அடுத்து பஜாமா கேம் படத்துல ஸ்டீம் ஹீட், நியூயார்க் நாடக மேடையான பிராட்வேல அவர் மொதமொதல்ல டான்ஸ் அமைச்ச ஷோ அது, 1954. இத ரெண்டு தடவ பாருங்க, ஒரு தடவ சவுண்ட ஆஃப் பண்ணிட்டு. காலையே பாத்துட்டு இருக்காதீங்க, இவர்கிட்ட விஷயமே தோள்லயும் விரல்லயும் மணிக்கட்டுலயும்தான், முட்டி உள்பக்கமா திரும்பியிருக்கும், முதுகு லேசா கூனியிருக்கும், உடம்பு மொத்தமும் அசையாம நிக்க ஒரு தோள் மட்டும் சுத்தும். தலைல முடி கொட்டுச்சுன்னு தொப்பி போட்டார், கை பிடிக்கலன்னு க்ளவுஸ் மாட்டினார்னு சொல்லுவாங்க, எப்டியோ குறையெல்லாம் ஸ்டைலாயிடுச்சு.

டான்ஸர் க்வென் வெர்டன விட்றாதீங்க. டேம் யாங்கீஸ் படத்துல ரெண்டு பேரும் சேந்தே ஆடுவாங்க, 1960ல கல்யாணமும் ஆச்சு. அப்புறம் ஸ்வீட் சாரிட்டி படத்துல பிக் ஸ்பெண்டர் பாட்டு, கம்பிய புடிச்சு வரிசையா நிக்கிற பொண்ணுங்க அசையாம இருக்கறதுதான் அதுல டான்ஸே.

பிறகு கேபரே படம். இதுக்காக காட்ஃபாதர் எடுத்த கொப்பலாவ தாண்டி ஆஸ்கர் வாங்கினார், அதே 1973ல மேடை நாடகத்துக்கான டோனியும் டிவிக்கான எம்மியும் வேற. 1974ல சிகாகோங்கிற மேடை ஷோவுக்கு ஒத்திகை நடக்கறப்பவே லென்னி படத்தையும் எடிட் பண்ணிட்டு இருந்தார், நெஞ்சு வலி வந்து படுத்துட்டார்.

இதெல்லாம் தெரிஞ்சப்புறம் ஆல் தட் ஜாஸ் பாருங்க, ஒவ்வொரு சீனும் எங்கேருந்து வந்துச்சுன்னு புரியும். அதுல காதலியா வர்ற ஆன் ரைங்கிங் நிஜத்துலயும் அவரோட காதலியா இருந்தவங்க, 1996ல சிகாகோ திரும்ப மேடையேறினப்ப அவர் ஸ்டைல்ல டான்ஸ் அமைச்சதும் அவங்கதான், நியூயார்க் போனா அதுக்கு டிக்கெட் போடுங்க. 2002 சிகாகோ படம் பாத்துட்டு ஃபாசிய பாத்துட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க, அதுல டான்ஸ் ராப் மார்ஷலோடது.