இன்டர்வல் பயிற்சி: முதல் ரவுண்டிலேயே கெட்டுப்போகிறது

நான் ஓடும் பூங்காவில் இப்போது மூன்று நான்கு பேர் புதிதாக இன்டர்வல் பயிற்சி செய்ய வருகிறார்கள். வேகமாக ஒரு ரவுண்டு, பிறகு ஓய்வு, மறுபடி ஒரு ரவுண்டு என்று மாற்றி மாற்றி ஓடுவதுதான் அது. அவர்கள் செய்கிற தவறுகள் எல்லாமே நானும் செய்தவை. வார்ம்-அப் செய்யுங்கள், நல்ல ஷூ போடுங்கள் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

முதல் ரவுண்டைப் பந்தயமாக ஓடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

அப்போது நான் 5 கிலோமீட்டரை 27:30 நிமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். அதாவது 400 மீட்டருக்கு 2:12. அதைவிடச் சற்று வேகமாக, ஒவ்வொன்றும் 2:10-இல், 400 மீட்டர் ரவுண்டு ஆறு ஓட வேண்டும் என்பது திட்டம். ஓடியது எப்படி? 1:48, 1:57, 2:07, 2:16, 2:22, 2:24. வீட்டுக்கு வந்து சராசரி போட்டால் 2:09. இலக்கைத் தொட்டுவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன். அந்த ஆறில் இலக்கின் அருகே வந்தது மூன்றாவது ரவுண்டு மட்டும்தான். முதல் இரண்டில் வெறும் பாய்ச்சல், கடைசி மூன்றில் தள்ளாட்டம். சராசரி அதை மறைத்துவிட்டது.

மாதக்கணக்கில் இப்படியே ஓடினேன். 5 கிலோமீட்டர் நேரம் கொஞ்சமும் குறையவில்லை. பிறகு ஒரு நாள் முதல் ரவுண்டின் பாதியில் தொடையின் பின்பக்கத் தசை சுரீரென்று இழுத்தது. ஆறு வாரம் ஓட முடியவில்லை.

முதல் ரவுண்டு ஏன் அவ்வளவு சுலபமாகத் தெரிகிறது? வேகம் எடுத்த உடனே உடல் அதற்குத் தேவையான ஆக்சிஜனை முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த அளவுக்கு ஏற ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதுவரை தசையில் இருக்கும் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிறது. மூச்சு வாங்குவது பின்னால்தான் வரும். வாட்சில் இதயத்துடிப்பும் மெதுவாகத்தான் ஏறும். எனவே முதல் நிமிடத்தில் "இன்னும் தெம்பு இருக்கிறதே" என்று தோன்றினால் நம்பாதீர்கள்.

நான் இப்போது செய்வது இது: 200 மீட்டரில் ஒரு மரத்தை அடையாளம் வைத்திருக்கிறேன். அங்கே ஸ்டாப்வாட்ச் 1:05 காட்ட வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டால் உடனே வேகத்தைக் குறைத்துவிடுவேன். ஜிபிஎஸ் காட்டும் அந்தந்த நொடி வேகத்தைப் பார்த்து ஓடாதீர்கள், மரநிழலில் அது தாறுமாறாகக் குதிக்கும். முதல் ரவுண்டு முடியும்போது கொஞ்சம் சப்பென்று இருந்தால், சரியாக ஓடியிருக்கிறீர்கள்.

ஓய்வைத் திருடுவது

இன்டர்வல் என்ற பெயரே நடுவில் வரும் இடைவெளியைக் குறிப்பதுதான். 1930-களில் ஜெர்மனியில் இந்த முறையை வகுத்த பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லர், இதயம் பலப்படுவதே அந்த இடைவெளியில்தான் என்று கருதினார். 180 வரை ஏறிய துடிப்பு 90 நொடிக்குள் 120-க்கு இறங்க வேண்டும், இறங்காவிட்டால் வேகமோ தூரமோ அதிகம் என்பது அவர் கணக்கு. எண்கள் ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது மாறும். ஆனால் இரண்டு நிமிட ஓய்வை ஒரு நிமிடமாக்கி "கஷ்டப்பட்டு ஓடினேன்" என்று சொல்பவர், உண்மையில் அடுத்த ரவுண்டைக் கெடுத்துக்கொள்கிறார். ஓய்வையும் ஸ்டாப்வாட்சில் பாருங்கள்.

ஓய்வில் பெஞ்சில் உட்காருவது

நடங்கள்.

வளைவிலும் கூட்டத்திலும் பாய்வது

பூங்கா பாதை ஓட்டத் தடம் அல்ல. குழந்தை குறுக்கே வரும், முதியவர் திடீரென்று நிற்பார். நேரான, ஆள் குறைந்த பகுதியைத் தேர்ந்தெடுத்து அங்கேயே போய்த் திரும்பி வாருங்கள். யாராவது குறுக்கே வந்தால் அந்த ரவுண்டு போகட்டும்.

அடுத்த நாளும் இன்டர்வல்

வேண்டாம். ஆரம்பத்தில் வாரம் ஒன்று போதும்.